ஐந்தாம் லெவல் ஃபைட்டர் உண்மையிலேயே பலவீனமானவரா? கிளாஸ்களின் சண்டைத் திறனை எப்படி ஒப்பிடுவது?

ஞாயிறு மாலைக் குகை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும், பாத்திரமேற்று ஆடும் பகடை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை, 2014ஆம் ஆண்டின் விதிநூல்களைக் கொண்டு, ஏழு மாதங்களாக ஒரு சிறு குழுவுக்கு நடத்தி வருகிறேன். ஆடுபவர்கள் நான்கு பேர், ஆளுக்கொரு கிளாஸ், அதாவது பாத்திர வகை: ஃபைட்டர் (போர்வீரர்), விசார்ட் (மந்திரவாதி), ரோக் (பதுங்கித் தாக்குபவர்), கிளெரிக் (சமயகுரு). நால்வரும் ஐந்தாம் லெவலுக்கு வந்ததிலிருந்து ஒரு மனத்தாங்கல் வளர்ந்து வருகிறது. அதைத் தீர்க்க உங்கள் உதவியை நாடுகிறேன்.

ஃபைட்டரை ஆடும் நண்பர் கணக்குப் பார்ப்பதில் விருப்பமுள்ளவர். கடைசி நான்கு ஆட்டங்களில் ஒவ்வொருவரும் எதிரிகளுக்கு எவ்வளவு சேதம் விளைவித்தார்கள் என்பதைப் பென்சிலால் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். விசார்டின் மொத்தம் அவருடைய மொத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம். "நான் மூன்று மணி நேரம் வாள் வீசுகிறேன், அவர் இரண்டு முறை விரலை நீட்டுகிறார், எல்லாம் முடிந்துவிடுகிறது" என்று சென்ற வாரம் சொன்னார். அந்த விரல் நீட்டலின் பெயர், பலரை ஒருசேரச் சுடும் ஃபயர்பால் மந்திரம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இப்போது தம் பாத்திரத்தைக் கைவிட்டுப் பாலடின் (தெய்வ அருள் பெற்ற வீரர்) அல்லது வார்லாக் (வேறொரு மந்திர வகையினர்) ஆக்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

நான் அறிய விரும்புவது இதுதான். ஃபைட்டர் என்னும் கிளாஸே பலவீனமாக அமைக்கப்பட்டதா, அல்லது நான் ஆட்டத்தை நடத்தும் முறையில் பிழை இருக்கிறதா? கிளாஸ்களை நியாயமாக ஒப்பிட ஒரு வழி உண்டா? அவருக்கு ஒரு நல்ல மந்திர வாளைக் கொடுத்துச் சமாதானப்படுத்திவிடலாம் என்றும் தோன்றுகிறது. ஆனால் நோயை அறியாமல் மருந்து கொடுக்கத் தயங்குகிறேன்.

இருபதுமுகன் பதிலளித்தது:

உங்கள் நண்பருடைய நோட்டில் உள்ள எண்கள் சரியாகவே இருக்கும். அவை எந்தக் கேள்விக்கு விடை என்பதில்தான் குழப்பம். அடிப்படைக் கணக்கை முதலில் போட்டுவிடுவோம். அது இல்லாமல் பேசினால் ஆளுக்கொரு அனுபவத்தைச் சொல்லிக்கொண்டிருப்போம்.

ஐந்தாம் லெவலில் வலிமை 18 உள்ள ஒரு ஃபைட்டரை எடுத்துக்கொள்வோம். வலிமைக்கு 4, பயிற்சிக்கு 3 என்று தாக்குதல் உருட்டலுடன் 7 சேரும். எதிரியின் கவச எண், அதாவது அடி பட உருட்டல் எட்ட வேண்டிய எண், 15 என்றால், இருபதுமுகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபதில் பதின்மூன்று வாய்ப்பு, அதாவது 65 விழுக்காடு. பெருவாளுக்கு ஆறுமுகப் பகடை இரண்டும் வலிமையின் 4ம் சேர்ந்து சராசரியாக 11 சேதம். இருபது விழுந்தால் பகடைகள் இரட்டிப்பாவதையும் சேர்த்தால் ஒரு வீச்சுக்கு 7.5 வருகிறது. ஐந்தாம் லெவலில் இரண்டு வீச்சுகள் என்பதால் ஒரு சுற்றுக்கு 15. கூடுதலாக ஒரு செயலைத் தரும் ஆக்ஷன் சர்ஜ் திறனைப் பயன்படுத்தும் சுற்றில் 30.

இதே எதிரிக்கு எதிராக, ரேப்பியர் ஏந்திய ரோக், தோழர் ஒருவர் எதிரியின் அருகில் நிற்பதால் கிடைக்கும் ஸ்னீக் அட்டாக் என்னும் கூடுதல் சேதத்தையும் சேர்த்து, ஒரு சுற்றுக்கு 13.1 எடுப்பார். ஒளிந்திருந்து, இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளும் வாய்ப்புடன் தாக்கினால் அது 18.1 ஆகும். எல்ட்ரிட்ச் பிளாஸ்ட் மந்திரத்துடன் அதன் சேதத்தைக் கூட்டும் அகனைசிங் பிளாஸ்ட் சேர்த்த வார்லாக் 12.9, அதன் மேல் ஹெக்ஸ் என்னும் சாபமும் இருந்தால் 17.8. விசார்ட் ஸ்லாட் (ஓய்வெடுத்தால் திரும்பும் மந்திர இருப்பு) எதையும் செலவிடாமல், அது தேவைப்படாத ஃபயர் போல்ட் என்னும் சிறு மந்திரத்தை மட்டும் வீசினால் 7.7. ஃபைட்டர் எடுப்பதில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

இனி ஃபயர்பாலுக்கு வருவோம். ஆறுமுகப் பகடை எட்டு, சராசரி 28. (எங்கள் குழுவில் விசார்ட் ஆடுபவர் அந்த எட்டையும் கையில் எடுத்ததும் "ஆறுமுகா, காப்பாற்று" என்றுதான் உருட்டுவார்.) விசார்டின் தடை எண், அதாவது மந்திரத்தைத் தாங்க எதிரியின் உருட்டல் எட்ட வேண்டிய எண், 15. கூட்டலோ கழித்தலோ இல்லாமல் சேவிங் த்ரோ என்னும் அந்தத் தற்காப்பு உருட்டலைப் போடும் எதிரி 70 விழுக்காடு முழுச் சேதத்தையும், மீதி 30 விழுக்காடு பாதிச் சேதத்தையும் வாங்குவார்; சராசரி 23.8. வட்டத்துக்குள் மூவர் சிக்கினால் ஒரே வீச்சில் 71.4. நோட்டில் பளிச்சென்று தெரிவது இந்த எண்தான்.

ஆனால் ஐந்தாம் லெவல் விசார்டுக்கு, ஃபயர்பாலுக்குத் தேவையான மூன்றாம் நிலை ஸ்லாட் இரண்டே இரண்டு. சிறு ஓய்வின்போது ஆர்கேன் ரெகவரி என்னும் திறன் மூலம், நாளுக்கு ஒருமுறை, இன்னொன்றை மீட்டுக்கொள்ளலாம். ஆகவே நாளொன்றுக்கு மூன்று ஃபயர்பால். ஆட்டத்தை நடத்துபவரான டன்ஜன் மாஸ்டருக்கான 2014 விதிநூல், ஒரு சாகச நாளில் நடுத்தர அல்லது கடின மோதல்கள் ஆறு முதல் எட்டு வரை ஒரு குழுவால் தாங்க முடியும் என்றும், இடையில் இரண்டு சிறு ஓய்வுகள் வரும் என்றும் எடுத்துக்கொள்கிறது. ஆறு மோதல்கள், மோதலுக்கு மூன்று சுற்றுகள் என்று வைத்தால் பதினெட்டுச் சுற்றுகள். ஃபைட்டர் 270 எடுப்பார். ஆக்ஷன் சர்ஜ் ஒவ்வொரு ஓய்விலும் திரும்ப வருவதால், நாளில் மூன்று முறை கூடுதலாகக் கிடைக்கும் 45ஐயும் சேர்த்து 315. விசார்டுக்கு மூன்று ஃபயர்பால் 214.2, மீதிப் பதினைந்து சுற்றுகளில் ஃபயர் போல்ட் 115.5, மொத்தம் 329.7. கீழ்நிலை ஸ்லாட்டுகளைத் தற்காப்புக்கு விட்டுவிட்டேன். ஏறத்தாழச் சமம்.

அதே இருவரையும் நான்கு சுற்றுகள் நீடிக்கும் ஒரே ஒரு மோதலில் வைத்துப் பாருங்கள். ஃபைட்டர் 75, விசார்ட், சிறு ஓய்வு இல்லாததால் இரண்டே ஃபயர்பாலுடன், 158.2. உங்கள் நண்பர் சொல்லும் "இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம்" அப்படியே வந்துவிட்டது. ஆகையால் என் கேள்வி: உங்கள் ஆட்டத்தில், எல்லா ஸ்லாட்டும் திரும்பும் ஒரு நீண்ட ஓய்வுக்கும் அடுத்த நீண்ட ஓய்வுக்கும் இடையில் எத்தனை மோதல்கள் நடக்கின்றன?

ஞாயிறு மாலைக் குகை பதிலளித்தது:

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், ஒன்று. மிஞ்சிப் போனால் இரண்டு. நாங்கள் ஞாயிறுதோறும் மாலை ஐந்து முதல் எட்டு வரைதான் ஆட முடிகிறது. அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு பெரிய சண்டைக்கே பாதிக்கு மேல் போய்விடும். ஆட்டம் முடியும்போது கதையையும் ஒரு விடுதியிலோ முகாமிலோ கொண்டுவந்து நிறுத்தி, எல்லோரும் உறங்கி எழுந்ததாக வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் புதிதாகத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. எவற்றைச் செலவழித்தோம் என்பதை ஒரு வாரம் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஃபைட்டரை வஞ்சிக்கும் ஏற்பாடாக அது மாறும் என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

சென்ற வாரச் சண்டையையும் சொல்லிவிடுகிறேன். திறந்த முற்றம் ஒன்றில் நான்கு ஓகர்கள் (ராட்சதர்கள்). முதலிரண்டு சுற்றுகளிலும் விசார்ட் நால்வரையும் வட்டத்துக்குள் வைத்து ஃபயர்பால் வீசினார். ஃபைட்டரும் ரோக்கும் அதன் பிறகுதான் ஓகர்களை நெருங்கினார்கள்.

வெண்கலக் கேடயம் பதிலளித்தது:

இருபதுமுகன் ஓய்வைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அவரும் சேதத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டார். சேதம் என்பது வேலை; அந்த வேலையால் எதிரியின் எத்தனை அடிகள் குறைந்தன என்பதுதான் பலன். நீங்கள் சொன்ன ஓகர் சண்டையையே எடுத்துக்கொள்கிறேன், அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஓகருக்கு ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 59, கவச எண் 11. அதன் சுறுசுறுப்புக் குறைவால் சேவிங் த்ரோவில் 1 கழியும் என்பதால் ஒரு ஃபயர்பால் சராசரியாக 24.5 எடுக்கும். இரண்டு ஃபயர்பால் முடிந்ததும் ஒவ்வொரு ஓகரும் 49 இழந்திருக்கும். நோட்டில் விசார்ட் பெயருக்கு நேரே 196 என்று எழுதியாகிவிட்டது. ஆனால் முற்றத்தில் நான்கு ஓகர்களும் நின்றுகொண்டுதான் இருக்கும். பத்து ஹிட் பாயிண்ட் உள்ள ஓகரின் தடி, ஐம்பத்தொன்பது உள்ள ஓகரின் தடியைவிட ஒரு புள்ளிகூடக் குறைவாக அடிப்பதில்லை. அந்தக் கடைசிப் பத்தை எடுத்து அவற்றை வீழ்த்தியவர் யார்? ஃபைட்டராகத்தான் இருக்க வேண்டும். அவர் பெயருக்கு நேரே பத்துப் பத்தாக எழுதப்பட்டிருக்கும்.

மறுதலையாக, ஃபைட்டர் இரண்டு சுற்றுகள் ஒரே ஓகரின் மேல் கவனம் வைத்திருந்தால், கவச எண் 11க்கு எதிராகச் சுற்றுக்கு 19.4, ஆக்ஷன் சர்ஜுடன் மொத்தம் 58.2. ஏறக்குறைய ஒரு ஓகர் சாய்ந்திருக்கும். 196க்கு எதிரே 58. ஆனால் எதிரிப் பக்கம் நான்கு அடி மூன்றாகியிருக்கும். இதைச் சொல்வதால் ஃபயர்பால் வீண் என்று ஆகிவிடாது. அது பரவலாக உழுது வைத்ததால்தான் ஃபைட்டரால் சுற்றுக்கு இரண்டு ஓகர் என்ற கணக்கில் அறுவடை செய்ய முடிந்தது. உழவையும் அறுவடையையும் தனித்தனியாக எடைபோட்டு எது பெரிது என்று கேட்பதுபோல் இருக்கிறது அந்த நோட்டு.

இன்னொன்று, அடி வாங்கும் கணக்கு. ஓகரின் தடி கவச எண் 18 உள்ள ஃபைட்டரைச் சராசரியாகச் சுற்றுக்கு 6.3 அடிக்கும். மேஜ் ஆர்மர் மந்திரத்தை இட்டுக் கவச எண்ணை 15 ஆக்கிக்கொண்ட விசார்டை 8.25 அடிக்கும். உடல்வலு இருவருக்கும் 14 என்றால் ஃபைட்டருக்கு 44 ஹிட் பாயிண்ட், விசார்டுக்கு 32. நான்கு ஓகரும் விசார்டைச் சூழ்ந்தால் ஒரே சுற்றில் 33 சேதம். ஷீல்ட் மந்திரத்தை நேரத்தில் எடுக்காவிட்டால் ஆள் விழுந்துவிடுவார். ஃபைட்டரைச் சூழ்ந்தால் 25.2, அவர் நிற்பார், ஹிட் பாயிண்டை மீட்கும் செகண்ட் விண்டும் கையில் இருக்கும். உங்கள் ஓகர்கள் யாரை நோக்கி ஓடுகின்றன? எல்லா எதிரியும் மரியாதையாக முன்னால் நிற்பவரையே தாக்கினால் விசார்டுக்குத் தம் கவசக் குறைபாடு தெரியவே தெரியாது. ஒரு குறையை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: 2014 விதிகளில் ஃபைட்டரால் எதிரியைக் கட்டாயப்படுத்தித் தம்மிடம் நிறுத்த முடியாது. விலகிப் போகும் ஒருவரை, அதுவும் சுற்றுக்கு ஒருமுறை, தாக்கலாம், அவ்வளவே. சென்டினல் என்னும் ஃபீட் (தேர்ந்தெடுத்துக்கொள்ளும் சிறப்புத் திறன்) இருந்தால் அந்தத் தாக்குதல் பட்டவர் அங்கேயே நின்றுவிடுவார். உங்கள் நண்பர் மந்திர வாளைவிட அதை விரும்புவார் என்று நினைக்கிறேன்.

கட்டுப்பாட்டு மந்திரங்களைப் பற்றியும் ஒரு சொல். அதே மூன்றாம் நிலை ஸ்லாட்டில் விசார்ட் ஹிப்னாட்டிக் பேட்டர்னை எடுத்திருந்தால், மதிநுட்பத்தில் 2 கழியும் ஓகர்களில் ஒவ்வொன்றும் 80 விழுக்காடு மயங்கி நின்றிருக்கும். சராசரியாக நான்கில் மூன்றுக்கு மேல். அந்தச் சுற்றிலிருந்து ஃபைட்டர் மீது விழ வேண்டிய 25.2இல் 20 குறைந்துவிடும். நோட்டில் விசார்ட் பெயருக்கு நேரே எழுத வேண்டிய சேதம் பூஜ்யம். என் பார்வையில் அந்தச் சண்டையின் மிகச் சிறந்த ஆட்டம் அந்தப் பூஜ்யமாகத்தான் இருந்திருக்கும்.

கிளெரிக்கை யாருமே குறிப்பிடவில்லை என்பதில் எனக்குச் சிறு வருத்தம். நான் ஆடுவது அதுதான். பிளெஸ் என்னும் முதல் நிலை மந்திரம் மூவரின் தாக்குதல் உருட்டலோடு நான்குமுகப் பகடை ஒன்றைச் சேர்க்கிறது. ஃபைட்டருக்கு அதனால் சுற்றுக்கு 2.75 கூடும். இது யார் கணக்கில் ஏறும்? சுற்றியுள்ள எதிரிகளைத் தாக்கும் ஸ்பிரிட் கார்டியன்ஸ் மந்திரத்தை எழுப்பிக்கொண்டு மூன்று ஓகர்களுக்கு நடுவே நடந்து போனால், ஒரே ஒரு முறை செய்த செயலுக்காக, கவனம் குலையாதவரை சுற்றுக்குச் சுற்று 36க்கு மேல் சேதம் விழுந்துகொண்டே இருக்கும். ஐந்தாம் லெவலில் சண்டைக்கு மிகச் சிறந்த கிளாஸ் எது என்று ஒரே பெயரைச் சொல்லச் சொன்னால் நான் விசார்டைச் சொல்ல மாட்டேன்.

இருபதுமுகன் பதிலளித்தது:

அறுவடைக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன், நான் அதைத் தவறவிட்டேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும். உங்கள் நண்பர் கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட் எடுத்திருக்கிறாரா? உருட்டலில் 5ஐக் குறைத்துக்கொண்டு சேதத்தில் 10ஐக் கூட்டும் அந்த ஏற்பாடு, கவச எண் 11 உள்ள ஓகருக்கு எதிராக அவருடைய 19.4ஐ 25.9 ஆக்கும். கவச எண் 15க்கு எதிராக 15 என்பது 17.5 ஆகும். ஆனால் கவச எண் 18 உள்ள ஹாப்காப்ளினுக்கு எதிராக 11.7 இருந்தது 11.2 ஆகக் குறையும். கண்ணை மூடிக்கொண்டு எப்போதும் பயன்படுத்துபவர்கள் அங்கேதான் ஏமாறுகிறார்கள். பிளெஸ்ஸும் சேர்ந்தால் குறைத்த 5இல் பாதி திரும்ப வந்துவிடும். கிளெரிக்கும் ஃபைட்டரும் பேசி வைத்துக்கொண்டு ஆட வேண்டிய இடம் அது.

பாலடினாக மாறுவதால் உங்கள் சிக்கல் தீராது, இடம்தான் மாறும். ஐந்தாம் லெவல் பாலடினுக்கு முதல் நிலை ஸ்லாட் நான்கு, இரண்டாம் நிலை இரண்டு. எல்லாவற்றையும், ஸ்லாட்டைச் சேதமாக மாற்றும் டிவைன் ஸ்மைட்டில் கொட்டினால் நாள் முழுவதற்கும் 63 கூடுதல். நாளுக்கு ஒரே சண்டை என்றால் அந்த 63ம் ஒரே சண்டையில் இறங்கும். அப்போது ரோக் ஆடுபவர் நோட்டு வாங்கக் கடைக்குப் போவார். வார்லாக் அதற்கு நேர் எதிர். அவருடைய ஸ்லாட்டுகள் சிறு ஓய்விலேயே திரும்புகின்றன. சிறு ஓய்வே இல்லாத உங்கள் ஆட்டத்தில் ஃபைட்டரைவிட அதிகம் வாடப்போவது வார்லாக்தான்.

சிவப்புப் பெட்டிக் கிழவர் பதிலளித்தது:

இந்த மனத்தாங்கல் விளையாட்டின் அளவுக்கே பழையது. 1974இல் முதல் பெட்டி வந்தபோது இருந்தவை மூன்றே கிளாஸ்கள்: ஃபைட்டிங் மேன், மேஜிக் யூசர் (இன்றைய விசார்ட்), கிளெரிக். திருடன் (இன்றைய ரோக்) அடுத்த ஆண்டுதான் துணைநூல் ஒன்றில் சேர்ந்தார். அன்று சமநிலை என்பது ஒரு சண்டைக்குள் பார்க்கப்படவில்லை, ஒரு பாத்திரத்தின் முழு வாழ்நாளில் பார்க்கப்பட்டது. 1981ஆம் ஆண்டின் அடிப்படை விதிகளில் இரண்டாம் லெவலை எட்டத் திருடனுக்கு 1,200 அனுபவப் புள்ளிகள், கிளெரிக்குக்கு 1,500, ஃபைட்டருக்கு 2,000, மேஜிக் யூசருக்கு 2,500. மேஜிக் யூசருக்கு ஹிட் பாயிண்ட் நான்குமுகப் பகடை ஒன்று. நாளுக்கு ஒரே மந்திரம். அதை எடுத்த பிறகு அவர் கையில் ஒரு குத்துவாளுடன் ஃபைட்டரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பார். அந்த நாட்களைத் தாண்டி உயிரோடிருப்பவர்தான் பிற்பாடு ஃபயர்பால் வீசுவார். ஃபைட்டர் அதைக் கண்டு பொறாமைப்பட்டதில்லை. மேஜிக் யூசரை அதுவரை காப்பாற்றி வளர்த்தவரே ஃபைட்டர்தானே.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லாக் கிளாஸ்களுக்கும் ஒரே அனுபவப் பட்டியலைக் கொடுத்தது. தொடக்கத்தில் மேஜிக் யூசர் கட்டிய விலை குறைந்தது, பின்னால் வரும் பலம் குறையவில்லை. ஃபைட்டர் கூட்டல் கணக்கில் வளர்கிறார், விசார்ட் பெருக்கல் கணக்கில் வளர்கிறார் என்ற பேச்சு வலுத்தது அக்காலத்தில்தான். 2008இன் நான்காம் பதிப்பு எல்லோருக்கும் ஒரே வார்ப்பில் திறன்களைக் கொடுத்து அதைச் சரிசெய்யப் பார்த்தது. எனக்கு அது பிடித்திருந்தது, பலருக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சண்டையை இங்கே மறுபடி தொடங்க மாட்டேன். ஐந்தாம் பதிப்பு ஒரு நேரத்தில் ஒரு மந்திரத்தில் மட்டுமே மனம் ஒன்ற முடியும் என்ற விதியையும், இங்கே நண்பர் விளக்கிய ஓய்வுக் கணக்கையும் கடிவாளமாகப் போட்டது. ஓய்வுக் கடிவாளத்தை நீங்கள் அவிழ்த்துவிட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓய்வைச் சரிசெய்வது ஐந்தாம் லெவலில் நன்றாக வேலை செய்யும். ஒன்பதாம் லெவலில் விசார்டுக்கு வால் ஆஃப் ஃபோர்ஸ் என்னும் மந்திரச் சுவர் கிடைக்கும். அதற்குள் அகப்படுபவருக்குச் சேவிங் த்ரோவே கிடையாது. பதினோராம் லெவலில் ஃபைட்டருக்குக் கிடைப்பது மூன்றாவது வீச்சு. அந்த இடைவெளியை எத்தனை மோதல்கள் வைத்தாலும் முழுதாக நிரப்ப முடியாது. அந்த உயரத்தில் ஃபைட்டருக்குத் தனியே ஏதேனும் செய்துதான் ஆக வேண்டும். உங்கள் மந்திர வாளை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.

தடி எடுத்தவன் பதிலளித்தது:

சுருக்கமாக ஒன்று. 2024ஆம் ஆண்டின் திருத்திய விதிநூலில் ஃபைட்டருக்கு வெப்பன் மாஸ்டரி என்னும் ஆயுதத் தேர்ச்சி கிடைக்கிறது. பெருவாளுக்கு உரிய கிரேஸ் என்னும் பண்பால், வீச்சு தவறினாலும் வலிமையின் அளவு சேதம் விழும். இருபதுமுகன் போட்ட 15 என்ற கணக்கு அதனால் மட்டும் 17.8 ஆகும். ஆனால் அதே நூலில் கிரேட் வெப்பன் மாஸ்டரின் பழைய 5க்கு 10 பேரம் எடுக்கப்பட்டு, பயிற்சி எண்ணைச் சேதத்தில் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு வந்துவிட்டது. டிவைன் ஸ்மைட்டும், சுற்றுக்கு ஒரே முறை கிடைக்கும் போனஸ் ஆக்ஷனைக் கேட்கும் மந்திரமாகிவிட்டதால் ஒரே சுற்றில் அடுக்கடுக்காகப் போட முடியாது. பழைய நூலிலிருந்து பாதியும் புதிய நூலிலிருந்து பாதியும் எடுத்து ஆடாதீர்கள். ஃபைட்டர் ஆடுபவர் இரண்டிலும் தமக்கு நல்லதையே பொறுக்கிக்கொண்டு வருவார். நானே செய்திருக்கிறேன்.

ஞாயிறு மாலைக் குகை பதிலளித்தது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்குப் பொறுத்தருளவும். நூலை மாற்றவில்லை, வாளும் கொடுக்கவில்லை. இரண்டே மாற்றங்கள் செய்தோம். ஆட்டம் முடியும் நேரத்துக்கும் நீண்ட ஓய்வுக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டோம். எட்டு மணிக்கு ஆட்டத்தை நிறுத்தும்போது ஒவ்வொருவரும் மீதமுள்ள ஸ்லாட்டுகளையும் ஹிட் பாயிண்ட்களையும் ஒரு சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் அங்கிருந்தே தொடக்கம். சிறு ஓய்வுக்கு எட்டு மணி நேரம், நீண்ட ஓய்வுக்கு ஏழு நாட்கள் என்று விதிநூலில் ஒரு மாற்று விதி இருப்பதையும் பார்த்தேன். அது எங்கள் கதையின் வேகத்துக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டேன். இரண்டாவதாக, திறந்த முற்றங்களைக் குறைத்து, குறுகிய நடைகளும் கதவுகளும் உள்ள ஒரு நிலத்தடிக் கல்லறையை அமைத்தேன். அங்கே ஓகரானாலும் காப்ளினானாலும் வரிசையில்தான் வர வேண்டும்.

மூன்று வாரங்களில், ஒரே சாகச நாளுக்குள், ஐந்து மோதல்கள் நடந்தன. இடையில் இரண்டு சிறு ஓய்வுகள். நான்காவது மோதலின்போது விசார்டிடம் முதல் நிலை ஸ்லாட் ஒன்று மட்டுமே இருந்தது, அதையும் ஷீல்டுக்காக இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஃபைட்டர் ஒரு வாயிலை அடைத்துக்கொண்டு, பிளெஸ்ஸுடனும் புதிதாகக் கிடைத்த ஆக்ஷன் சர்ஜுடனும், இரண்டு ஓகர்களை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்தினார். நோட்டில் இப்போது இரண்டு புதிய பத்திகள் சேர்ந்திருக்கின்றன: ஒன்றில் யார் எத்தனை எதிரிகளை வீழ்த்தினார் என்பது, மற்றொன்றில் யார் எவ்வளவு அடி வாங்கினார் என்பது. இரண்டிலும் அவரே முதலிடம் என்பதை அவர் ஒருமுறைக்கு மேல் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டார். பாலடின் பேச்சு நின்றுவிட்டது.

புதிய சிக்கல் ஒன்று: இப்போது விசார்ட் ஆடும் நண்பர், நாளின் பிற்பாதியில் ஃபயர் போல்ட் எறிவதைத் தவிர தமக்கு வேலையில்லை என்கிறார்.

வெண்கலக் கேடயம் பதிலளித்தது:

மூன்று ஃபயர்பாலையும் முதல் இரண்டு மோதல்களில் வீசியிருப்பார். இரண்டாம் நிலையில் வெப் என்னும் வலை மந்திரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கவனம் குலையாதவரை ஒரு மணி நேரம் நீடிக்கும். வலையில் சிக்கியவர்மீது தாக்கும் அனைவருக்கும் இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. உங்கள் கல்லறையின் குறுகிய நடைகளில் இரு சுவர்களுக்கும் இடையே அது கச்சிதமாகப் பொருந்தும். ஃபைட்டருக்கு முன்னால் விரிக்கச் சொல்லுங்கள். மறந்தும் அவர்மேல் விரிக்க வேண்டாம். அதற்கும் நோட்டில் ஒரு பத்தி போட்டுவிடுவார்.